மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷம்

மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். படிப்பு ஏறாததால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று இந்தக் காலத்தில் மேடை போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும். காலி வயிற்றோடு வாய்ப்பாடு சொல்வது எவ்வளவு சிரமம் என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வகுப்பில் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தியும் கிடையாது. அப்படியிருந்தும் பெயிலானேன். வேண்டுமென்றேதான் பெயிலானேன்.

காரணம் என் அப்பா நாகையா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் எங்கள் வீடு. நீளமாக ஒரே கட்டடமாகக் கட்டி, நடுவில் சுவர் வைத்துப் பிரித்த வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கஷாயம் வேண்டுமா என்று கேட்பார்கள். அப்பாவுக்குத் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில் வேலை. வெள்ளைக்காரன் ஓடிப்போய் ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே தண்டவாளம், அதே சம்மட்டி. திட்டுகிறவன் மட்டும் மாறினான்.

1943-இல் சயாமில் புதிதாக ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். கேட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கேங்குக்கு மேஸ்திரியான மண்டோர் வந்து பெயர்களை வாசித்தார், பெயர் வந்தவர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டார்கள். மூன்று மாத வேலை, முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். அதை நம்பியவர்களும் போனார்கள், நம்பாதவர்களும் போனார்கள்.

போகிற அன்று காலையில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தார். கூடவே அடுத்த வீட்டு ரமணியும் வந்தாள். அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவளுடைய அப்பாவுக்கும் பெயர் வந்திருந்தது. அவர் விடியும்போதே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூட வாசலில் நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"தங்கமணி, விடும்மா. மண்டோரு திட்டுவாரு."

"எப்ப வருவீங்க?"

"மூணு மாசம்னு சொல்றாங்க."

"மூணு மாசம்னா எப்ப?"

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதக் கணக்கெல்லாம் அவருக்குச் சம்பள நாளோடு சரி. எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பள்ளிக்கூடத்தை ஒருமுறை பார்த்தார்.

"நீ நாலாம் வகுப்புக்குப் போறதுக்குள்ள அப்பா வந்து நிப்பேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். நான் சட்டையை விட்டேன்.

மூன்று மாதம் ஓடியது. ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. கோட்டர்ஸில் பெண்கள் குழாயடியில் நின்று அழுதார்கள், ஜப்பான்காரனைச் சபித்தார்கள், பிறகு யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாலையானால் ஆண் குரலே கேட்காது. அத்தனை வீடுகளிலும் நான் ஒருத்திதான் அழாமல் இருந்தேன். எனக்குச் சொன்ன கெடு மூன்று மாதமா என்ன? நாலாம் வகுப்புக்கு இன்னும் நாள் இருந்தது.

பள்ளிக்கூடம் என்று பெயர்தானே தவிர, பாதி நேரம் பின்பக்கத்து மண்ணைக் கொத்தி மரவள்ளி நட்டோம். காலையில் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு ஜப்பான் பாட்டு. பிறகு சபாபதி வாத்தியார் ஜப்பான் பாஷை நடத்துவார். அவருக்கே அது தெரியாது. சாயங்காலம் ஒரு அதிகாரியிடம் கற்றுக்கொண்டதை மறந்துபோவதற்குள் மறுநாள் காலையில் எங்களிடம் இறக்கிவைத்துவிடுவார். கேள்வி கேட்டால் பிரம்பை எடுப்பார். பாவம், அவருக்கும் பசி.

வருஷக் கடைசியில் பரீட்சை அறிவித்தார்கள். அப்பா இன்னும் வரவில்லை. பரீட்சை எழுதினால் நான் பாஸாகிவிடுவேன், அதில் சந்தேகமே இல்லை. பாஸானால் நாலாம் வகுப்பு. நாலாம் வகுப்புக்குள் வருகிறேன் என்றுதான் அப்பா சத்தியம் செய்திருக்கிறார். அப்பா சத்தியம் மீறுகிறவர் இல்லை. ஆகவே நான் நாலாம் வகுப்புக்குப் போகாதவரை அவர் வந்தே தீர வேண்டும், வருகிறவரை அவர் சாகவும் முடியாது. ஒன்பது வயதில் எனக்கு இது வாய்ப்பாடு மாதிரி தெளிவாக இருந்தது. இன்றைக்கு யோசித்தாலும் அதில் எங்கே தப்பு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

பெயிலாவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் பெயிலாகிப் பார்க்க வேண்டும். தப்பான விடை எழுத முதலில் சரியான விடை தெரிந்தாக வேண்டும். சிலேட்டில் கணக்கைப் போட்டு, விடையைப் பார்த்து, அதை உள்ளங்கையால் அழித்துவிட்டு வேறொன்றை எழுதினேன். செய்யுள் ஒப்பிக்கச் சொன்னபோது இன்னும் சங்கடம். முதல் சொல் வாயிலிருந்து வந்தால் மிச்சமெல்லாம் தானாக ஓடிவந்துவிடும். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். கையில் இரண்டு அடி விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

ரமணி பாஸ். நான் பெயில். புது வருஷத்தில் அவள் நாலாம் வகுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நடுவில் தட்டிகூட இல்லை, ஒரே கூடம்தான். ஆனாலும் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

அம்மாவுக்கு விஷயம் தெரியாது. சொல்லியிருந்தால் முதுகில் நாலு வைத்துப் பாஸாகச் சொல்லியிருப்பாள். அவளிடம் எப்படிச் சொல்வது? மரவள்ளி தின்று தின்று பிள்ளைக்கு மூளை மங்கிவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பது எங்கள் ஜனங்களின் வைத்தியம். சாலாக் செலாத்தானில் தெரிந்தவர்களிடம் விதை கேட்டு, போக வர நடந்தே போய் வாங்கிவந்து, கக்கூஸ் பக்கத்து மண்ணில் போட்டாள். முதல் காய் காய்த்ததும் எனக்குத்தான். இரண்டாவதும் எனக்குத்தான்.

"நீங்களும் ஒண்ணு தின்னுங்கம்மா."

"நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்? தின்னு லா, பேசாம."

அவள் உப்புப் போட்ட மரவள்ளியைத் தின்றுகொண்டு நான் வெண்டைக்காய் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கால் வேறு அவளுக்கு வீங்க ஆரம்பித்திருந்தது. வெண்டைக்காய் எனக்குத் தொண்டையில் இறங்கவே இறங்காது. அந்த வருஷம் நான் பட்ட வேதனையில் பசியைவிட இதுதான் பெரிது.

நாலாம் வகுப்பில் ரமணி சேர்ந்து சில மாதம் கழித்து, சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் ரவாங் பக்கத்தில் ஒளிந்திருப்பதாகவும், அவர் சேதி சொன்னதாகவும் கோட்டர்ஸில் பேச்சு வந்தது. ரமணியின் அப்பா இறந்துவிட்டார். காலரா. என் அப்பாவைப் பற்றித் தப்பி வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ரமணி அழுது முடித்து, ஒரு வாரம் கழித்து, வேலிப் பக்கம் வந்து நின்றாள். அப்பா என்னிடம் சத்தியம் செய்தபோது அவளும் பக்கத்தில்தானே நின்றாள். நான் ஏன் பெயிலானேன் என்று என்னைத் தவிர தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"தங்கம், நான் பாஸானதாலயா?"

"பைத்தியம் மாதிரி பேசாத. உங்கப்பா உங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லல" என்றாள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா நானும் பெயிலாயிருப்பேன்."

அந்த மாதமே அவளும் அவள் அம்மாவும் கிள்ளானில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என்மேல் கோபமா, என்னைப் பார்க்கப் பயமா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அவள் போன பிறகு நாலாம் வகுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குலை நடுங்கும். பாஸாகிவிடுவேனோ என்ற பயத்தில் பாடத்தையே காதில் வாங்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. போன வருஷம் கேட்ட பாடம்தானே, வாத்தியார் வாயைத் திறக்கும் முன்பே எனக்கு வந்துவிடும்.

இரண்டாவது பரீட்சையில் மாட்டிக்கொண்டேன். சோம்பேறித்தனம்தான் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாக ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருக்க அலுத்துப்போய், சரியான விடையோடு ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டேன். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு சபாபதி வாத்தியார் என்னை மட்டும் நிறுத்திவைத்தார்.

"கணக்கு தெரியாதவ கண்டபடி தப்புப் போடுவா. உனக்கு எல்லாத்துலயும் கரெக்டா ஒண்ணு கூட வருது. யார்கிட்ட விளையாடுற?"

பிரம்பு மேசைமேல் இருந்தது. நான் அடிக்குப் பயந்து சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லிவிட்டேன். சத்தியம் செய்ததிலிருந்து ரமணி கிள்ளானுக்குப் போனதுவரை ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சயாம்ல இருக்கற ஆளுக்கும் நீ இங்க எந்த வகுப்புல உக்காந்திருக்கறேங்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சத்தியம் பண்ணிருக்காரு சார்."

"அதெல்லாம் இல்ல. உனக்கு நான் பாஸ் போடத்தான் போறேன். இவ்வளவு நல்லா வர்ற பொண்ணு."

அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாத்தியாரைத் தொடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. "போட்டீங்கன்னா எங்கப்பா வரமாட்டாரு. அப்புறம் எங்கம்மாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும் சார்."

அவர் கையை விடுவித்துக்கொண்டு என் சிலேட்டை அவரே அழித்தார். "சரி, போ. இந்தக் காலத்துல மேல போனவன் எவன் என்னத்தக் கண்டான்."

அதோடு என்னைக் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டார். கேட்டால் நான் தெரிந்தே பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, எல்லா விடையும் தெரிந்து, யாரும் எதுவும் கேட்காமல் ஒரு வருஷத்தை ஓட்டிப் பாருங்கள். நான் வளர்ந்துவிட்டேன். பெஞ்சுக்குக் கீழே முழங்கால் இடித்தது. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் என்னை அக்கா என்றார்கள், விளையாடக் கூப்பிடவில்லை. வயதொத்தவர்கள் மேல் வகுப்பில் இருந்தார்கள், மக்குத் தங்கமணி என்று பெயர் வைத்திருந்தார்கள். இடைவேளையில் மரவள்ளிப் பாத்தி ஓரமாக நின்று நாலாம் வகுப்புப் பாடத்தை எட்டத்திலிருந்து கேட்பேன். அதுவும் எனக்கு வந்துவிட்டது. அதை யாரிடம் சொல்வது?

நாற்பத்தைந்தில் விமானங்கள் வந்து ரயில் பட்டறையில் குண்டு போட்டன. கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் கிடையாது. பிறகு திறந்தார்கள். பிறகு ஒருநாள் ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்றார்கள். கிழக்கே பார்த்துக் கும்பிடுவது நின்றது. சபாபதி வாத்தியார் ஜப்பான் பாஷையை ஒரே நாளில் மறந்துபோனார். சயாமிலிருந்து லோரியிலும் ரயிலிலும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். போன அளவுக்கு வரவில்லை. நான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன். இந்த நேரம் பார்த்து அசைந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் சாக்குத் துணிதான் உடுப்பு. இரண்டு பேருக்கும் தலைமுடி கொட்டியிருந்தது. அம்மா உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுத விதத்தில் அப்பா வந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எந்த ஆள் என்று தெரியவில்லை. ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"நான் இல்லம்மா" என்றார் அவர். "நான் ரெங்கசாமி. கூட இருந்தவன். உங்கப்பா அதோ."

அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். ஒரு காலில் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை கந்தல் சுற்றியிருந்தது. என்னை உற்றுப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கையில் கனமே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கர்வமும் வந்தது. ஆமாம், கர்வம்தான். கோட்டர்ஸில் எத்தனை பேர் அப்பாவைத் தொலைத்துவிட்டார்கள், நான் விடாமல் பிடித்து வைத்திருந்து கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

"இதுதானா நாகையா, உன் அஞ்சாம் வகுப்பு?" என்றார் ரெங்கசாமி. பிறகு என் பக்கம் திரும்பினார். "கேம்புல உன்னைத் தெரியாத ஆளே கிடையாது தெரியுமா? வருஷம் பொறந்தா உங்கப்பா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வருவான், இன்னிக்கு எம்மவ நாலாம் வகுப்புக்குப் போயிட்டான்னு. அடுத்த வருஷம் அஞ்சு. காய்ச்சல்ல கிடக்கறப்பகூட அதே பேச்சுதான். அஞ்சாம் வகுப்பு படிக்கிறா, நான் போயிப் பாக்கணும், பாக்கணும்னு. பக்கத்துல படுத்திருந்தவன்லாம் போயிட்டான். இவன் உன் படிப்பைப் புடிச்சிக்கிட்டு உயிரோட வந்துட்டான்."

அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார். "அஞ்சாம் வகுப்புல என்னம்மா சொல்லிக்குடுக்கறாங்க?"

அம்மாதான் கோப்பையோடு வெளியே வந்து சொன்னாள்.

"அஞ்சு எங்க? மூணுதான். நீங்க போனப்ப இருந்த அதே மூணு. சோறில்லாம புள்ளைக்குப் படிப்பே ஏறல."

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சயாமில் அத்தனை பேர் சாவதைப் பார்த்துவிட்டு வந்த முகம், இதற்குப் போய் இடிந்துபோனது. "நான் போனதாலதான்" என்றார். "நான் போயிட்டதால புள்ள படிப்பு கெட்டுப்போச்சு."

"கெட்டுப்போகல!" என்று கத்தினேன். "நீங்கதானப்பா சொன்னீங்க, நாலாம் வகுப்புக்குப் போறதுக்குள்ள வந்துருவேன்னு! என் தலைல கை வச்சுச் சத்தியம் பண்ணீங்க. அதனாலதான் நான் போகல. எல்லாக் கணக்கும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தப்புப் போட்டேன்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். ரெங்கசாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார், பாடம் படிக்காமல் வந்த பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல.

"அப்படியாம்மா சொன்னேன்?" என்றார்.

நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. என் கையிலிருந்து சட்டையை விடுவிக்க ஏதோ சொல்லிவிட்டு ரயிலேறியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று பார்த்தேன், அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் கோட்டர்ஸ் கடைசி வீட்டு அக்கா தன் புருஷனைப் பற்றி விசாரிக்க வந்தாள். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, சொல்லக்கூடியதாக இல்லை. தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அவள் அழ ஆரம்பித்தாள். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று அவர் சுற்றிமுற்றிப் பார்த்தார், நான் கண்ணில் பட்டேன்.

"எம்மவ" என்றார். "அஞ்சாம் வகுப்பு படிக்கிறா."

அவர் முகத்தில் பொய்யே இல்லை. முதல் நாள் நாங்கள் சொன்னது எதுவும் அவரிடம் தங்கவில்லை. அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியா என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்பா சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

அவரை உயிரோடு கூட்டிவந்தவள் நான் இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அந்த மழையிலும் காய்ச்சலிலும் அவர் கூடவே இருந்தவள் வேறொருத்தி. அவர் நினைப்பில் வருஷம் தவறாமல் பாஸானவள். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளைத்தான் பார்த்தார். என் அப்பா வந்துவிட்டார், அவளுடைய அப்பாவாக வந்திருந்தார். அவள்மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. சிலேட்டை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்ப்பா" என்று அந்த அஞ்சாம் வகுப்புக்காரியின் குரலில் சொல்லிவிட்டு, மூன்றாம் வகுப்புக்குக் கிளம்பினேன்.